பிச்சைமுத்துவின் அக்கா மகள்

ஈப்போ வட்டாரத்தில் கெட்டுப்போன சிறுநீரகம் யாருக்கு இருந்தாலும் அவருக்கு நவமணியைத் தெரிந்திருக்கும். ‘கைகொடுப்போம்’ இயக்கத்தின் வெள்ளை வேனை ஓட்டுபவள் அவள்தான். சிம்பாங் பூலாய் பக்கத்துப் பழைய தோட்டங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு டவுனில் உள்ள டயாலிசிஸ் நிலையத்தில் விடுவாள், ரத்தம் சுத்தமானதும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அந்தத் தோட்டங்களில் இப்போது ரப்பர் மரம் மருந்துக்குக்கூடக் கிடையாது, செம்பனையும் வீடமைப்புத் திட்டமும்தான். ஆட்கள் மட்டும் இன்னும் தோட்டத்துப் பெயரைச் சொல்லித்தான் வீட்டுக்கு வழி சொல்வார்கள்.

நவமணியும் அப்படி ஒரு தோட்டத்தில் பிறந்தவள்தான். மூன்றாம் படிவத்தோடு அவளும் கணிதப் பாடமும் ஒருமனதாகப் பிரிந்தார்கள். கையுறைத் தொழிற்சாலையில் நாளெல்லாம் ரப்பர் விரல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஆட்களை ஏற்றும் வேனை ஓட்டக் கற்றுக்கொண்டாள். வீட்டில் இரண்டு பையன்கள். இரண்டும் அவளைவிட உயரம், அவளைவிடச் சோம்பேறி.

இயக்கத்தில் இரண்டு சாதி உண்டு. நீலச் சட்டை போட்டால் சம்பள ஆள். ஆரஞ்சுச் சட்டை போட்டால் தொண்டர். தொண்டர்களுக்குத் தலைவர் டயர் கடை மகேந்திரன். பெரிய மனசு, அதைவிடப் பெரிய தொண்டை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சொந்த காரில், சொந்தக் காசில் எண்ணெய் ஊற்றி, நோயாளிகளைக் கோயிலுக்கும் சந்தைக்கும் கூட்டிப்போவார். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேன் ஐந்து நிமிடம் தாமதமானால் போதும், “அதான் சம்பளம் வாங்குறாங்கல்ல?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். நவமணியும் சும்மா இருக்கவில்லை. அவருக்கு ‘ஞாயிற்றுக்கிழமை வள்ளல்’ என்று பெயர் வைத்துவிட்டாள். அந்தப் பெயர் அவருடைய கடைப் பையன்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த வருஷம் நோயாளிகளைத் தெலுக் பாத்தேக் கடற்கரைக்கு அழைத்துப் போவதாகத் தொண்டர்கள் முடிவு செய்தார்கள். கேள்விப்பட்டதும் நவமணிக்கு ஆசை வந்துவிட்டது. கடலுக்காக இல்லை. மூன்று வருஷமாக அவள் பார்த்தது அந்த முகங்களை இரண்டே விதத்தில்தான். போகும்போது உம்மென்று இருக்கும். வரும்போது வாங்கிவைத்து மறந்த கீரை மாதிரி வாடிக் கிடக்கும். பிடித்த இடத்துக்குப் போகும்போது அதே முகங்கள் எப்படி இருக்கும்? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் அவளுக்கு.

மகேந்திரனிடம் கேட்டாள். “அண்ணே, நானும் ஒரு கை கொடுக்குறேனே.”

“நீங்க எதுக்கு? திங்கள்லேந்து சனி வரைக்கும் உங்க ராஜ்யம், ஞாயிறு எங்களுது. சம்பளம் உங்களுக்கு, புண்ணியம் எங்களுக்கு. அதுலயும் பங்கு கேட்டா எப்படிலா?”

அலுவலகத்துக்குப் போய் நிர்வாகி பிரமிளாவிடம் கேட்டாள். பிரமிளாவும் நீலச் சட்டைதான், பாவம். “அக்கா, ஞாயிறு வேலை பார்த்தா ஓவர்டைம் கொடுக்கணும், அதுக்கு வழியில்ல. சும்மா பார்க்கிறேன்னாலும் கூடாது. சம்பள ஆளைச் சும்மா வேலை வாங்கினா நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க.”

ஆக, காசுக்கும் செய்ய முடியாது, சும்மாவும் செய்ய முடியாது. மறுநாள் நவமணி வேனை ஓட்டிய ஓட்டில் ஒரு குழிகூட மிச்சமில்லை, எல்லாவற்றிலும் இறக்கி ஏற்றினாள்.

முன் இருக்கையில் பிச்சைமுத்து. பழைய பால்மரத் தொழிலாளி, தனிக்கட்டை, வேனிலேயே பெரிய சிடுமூஞ்சி. “என்னா புள்ள, வேனுக்குப் பேய் புடிச்சிருச்சா?” என்றார்.

“ஒண்ணும் இல்ல மாமா” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

பிச்சைமுத்து அவள் பக்கம் திரும்பினார். “ஆளுக்கு ஒரு துணை கூட வரலாம், ஆனா சொந்தமா இருக்கணும்னு அந்த டயர்காரன் சொன்னானா இல்லியா?”

“சொன்னாரு.”

“நீ என்னைய என்னான்னு கூப்பிடுற?”

“மாமான்னு.”

“மாமான்னா யாரு? அம்மா கூடப் பொறந்தவன். அப்ப நீ எங்க அக்கா மவ. இதுல எங்க பொய் இருக்கு?”

ஞாயிறு காலை தொண்டர்கள் வரிசையாக நின்றார்கள். மகேந்திரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யாருக்கு எந்தக் கார் என்று பிரித்தார். “பெரட்டு எடுக்குறான் பாரு, காலையில ஆள் கணக்கு எடுக்குற தோட்டத்து மண்டோர் மாரி” என்று பிச்சைமுத்து முணுமுணுத்தார். பக்கத்தில் பூப்போட்ட சுடிதாரும் கறுப்புக் கண்ணாடியுமாக நவமணி.

மகேந்திரன் கண்ணைச் சுருக்கினார். “இவங்க நம்ம டிரைவர்லா!”

“ஒனக்கு டிரைவரு. எனக்கு அக்கா மவ.”

“எப்பலேந்து?”

“அவ பொறந்ததுலேந்து.”

மகேந்திரன் பிரமிளாவைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். “சொந்தக்காரங்க வந்தா ஆபீஸ் ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே.”

இருவருக்கும் மகேந்திரன் கார்தான் கிடைத்தது, பிச்சைமுத்து முன்னால், நவமணி பின்னால். நோயாளியும் துணையும் சுண்டு விரலைக்கூட அசைக்கக் கூடாது, எல்லாம் தொண்டர் வேலை என்பதும் மகேந்திரன் போட்ட சட்டம்தான். அந்தச் சட்டத்தை நவமணி அளவுக்கு யாரும் மதித்திருக்க மாட்டார்கள். “அண்ணே, அந்தப் பைய எடுத்து வைங்க.” “அண்ணே, ஏர்கோன் கொஞ்சம் குறைங்க, மாமாவுக்குக் குளுருது.” “அண்ணே, ஒரு தே தாரேக் குடிச்சா நல்லாருக்கும்.” மகேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு புண்ணியம் சேர்த்தார். பின் இருக்கையில் நவமணிக்கு ஒரே ஒரு சங்கடம்தான். வளைவு வரும்போதெல்லாம் அவள் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது.

கடலைப் பார்த்ததும் எல்லாருக்கும் வயது குறைந்துவிட்டது. ஊசி குத்தும் கையைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் வரைக்கும் அலையில் நின்று கத்தினார்கள். ஒருவர்மீது ஒருவர் தண்ணீரை உதைத்தார்கள். நவமணி காருக்குள்ளிருந்தே வாயைப் பிளந்து பார்த்தாள். இதற்குத்தான் வந்தாள்.

ஆனால் பிச்சைமுத்து மட்டும் இறங்கவில்லை. “மணல்ல எனக்கு நடக்க வராது. நீங்க ஆடுங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழைத்து வந்தவரே இப்படி உட்கார்ந்துவிட்டதால் நவமணிக்கு எதைப் பார்த்தும் இனிக்கவில்லை.

மகேந்திரனுக்கும் மனசு கேட்கவில்லை போலும். “நடக்க வேணாம், கடலுக்குப் பக்கத்துலயே உங்கள இறக்குறேன்” என்று காரை மணலில் விட்டார். கொஞ்ச தூரம் கப்பல் மாதிரி போனது. அப்புறம் பின் சக்கரம் இரண்டும் புதைந்தது. மகேந்திரன் முக்கி மிதிக்க, இன்னும் புதைந்தது. டயர் கடைக்காரருக்கு டயர் செய்த துரோகம்.

ஆரஞ்சுச் சட்டைகள் ஓடிவந்து தள்ளின. கார் அசையவில்லை. எல்லாரையும்விட வாட்டசாட்டமான ஆள் மகேந்திரன்தான், அவரோ ஸ்டியரிங்கில் இருந்தார். இறங்கிவந்து பின்கதவைத் திறந்தார்.

“நவமணி, கொஞ்சம் ஸ்டியரிங் புடிங்க.”

நவமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “சம்பளத்துலயா அண்ணே, புண்ணியத்துலயா?”

அலையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“ரெண்டுலயும் இல்ல தாயே! எனக்காகப் புடிங்க!”

நவமணி முன்னால் போய் உட்கார்ந்தாள். பின்னால் “ஏலேலோ” சத்தம். கார் ஒரு ஆட்டம் ஆடி வெளியே வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் கால் தேவைக்குமேல் ஒரு துளி அழுத்திவிட்டது. ஈர மணல் விசிறி அடித்து ஆரஞ்சுச் சட்டை அத்தனையும் ஒரே மண் நிறம். மகேந்திரன் மீசையில் ஒரு சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் பக்கத்து இருக்கையில் தோள் குலுங்கியது. பிறகு ஒரு விசில் மாதிரி சத்தம். பிச்சைமுத்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, டாஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருக்கு மேலே மூன்று பல், கீழே இரண்டு என்பதே நவமணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு ஏனோ மூக்கு உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது.

“அக்கா மவளே” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு, “இன்னொருவாட்டி விடு.”

நவமணி ஜன்னல் வழியாக மகேந்திரனைப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து மணலைத் துப்பினார். பிச்சைமுத்துவைப் பார்த்தார். பிறகு காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி விட்டுக்கொண்டு காரின் பின்பக்கம் போனார்.

“விடுங்க. ஆனா மெதுவாலா!”

நவமணி கியரைப் போட்டாள்.