மரத்தை ஒட்டிய அடுப்பு

வெயிலில் கறுத்த முகம், தலையில் சிவப்புத் துண்டு. அந்த லாரி டிரைவர் வீட்டுக் கூரையின் கீழ் தூங்கிய நாட்கள் குறைவு. ராசிபுரம் சாலையில், நான் ஆசிரியராக இருந்த பள்ளிக்கு எதிரே ஒரு புளியமரம் இருந்தது. இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அதனடியில்தான் சமைப்பார், படுப்பார். எந்தச் சாலையில் எந்த மரத்துக்கு நிழல் அடர்த்தி, எதில் எறும்பு அதிகம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பிள்ளைகளை வகுப்பைவிட்டு வெளியே கூட்டிப்போனால் மரம் செடிமேல் தானாகப் பாசம் வரும் என்று தலைமையாசிரியரோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இவரோ வெளியிலேயே வாழ்கிறவர். ஆனால் அடுப்பை எப்போதும் அடிமரத்தை ஒட்டியே மூட்டுவார். பட்டை கருகிப் பொந்து விழுந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளி வெச்சு சமைக்கக் கூடாதா?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"காத்து அடிக்குதுங்க சார். மரத்தோரமா வெச்சாத்தானுங்க தீ அணையாது."

"மரம் பட்டுப்போயிடுமே!"

"போனா என்னங்க? ரோடு நெடுக மரந்தானுங்களே."

மறு கோடையில் அந்த மரம் ஒரு இலைகூட இல்லாமல் நின்றது. அவர் அடுத்த மரத்தடிக்கு மாறியிருந்தார். பட்ட மரத்தின் கிளைகள், இங்கேயும் அடிமரத்தை ஒட்டி மூட்டிய அவர் அடுப்பில் நன்றாக எரிந்துகொண்டிருந்தன. என்னைக் கண்டதும் துண்டால் தரையைத் தட்டிவிட்டு, "வாங்க சார், நெழலு அதைவிட இங்க நல்லா இருக்குதுங்க" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் வெயில் தாங்கவில்லை. போய் உட்கார்ந்து மரத்தில் சாய்ந்தேன். முதுகு சுட்டது.