சித்தி கேட்காத ஆல்பங்கள்

என் சித்திக்கு அந்தப் பாடகி மேல் அப்படி ஒரு கோபம். தோழியோடு ஜோடியாகப் பாடிப் பேர் வாங்கியவள், திடீரென்று பிரிந்துபோய்த் தனியாக ஆல்பம் போட்டாள். அதே வருஷம்தான் என் அம்மாவும் தங்கையை விட்டுப் பிரிந்து தனிக் கடை வைத்தாள். சித்தியைக் கேட்டால், அவளைப் பார்த்துத்தான் இவளும் கெட்டாள்.

அதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஒரே சலவைக் கடை. லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறுவார்கள், இழுப்பார்கள், எதிரெதிரே நடந்துவந்து முனைகளைச் சேர்ப்பார்கள். ரேடியோவில் அந்த ஜோடி பாடினால் அம்மா முதல் குரல், சித்தி ரெண்டாவது குரல். ஸ்கூல் விட்டு வந்து துணி மூட்டை மேல் உட்கார்ந்து கேட்பேன். அடடா, அந்தச் சோப்பு வாசனையும் அந்தப் பாட்டும் எங்கே போயின!

அம்மாவுக்குப் பெரிய மெஷின் போட ஆசை. சித்திக்கு இருக்கிறதே போதும். பேச்சு முற்றிப்போய் அம்மா நாலு தெரு தள்ளிக் கடை போட்டாள். சித்தி கதவில் ஆணி அடித்து, விரிப்பின் ஒரு பக்கத்தை அதில் மாட்டி ஒற்றையாளாக மடித்தாள். ஆணி எதிர்த்துப் பேசாதாம். அதுவரை வாய்க்கு வாய் “அக்கா” என்றவள், என்னிடம் “உங்கம்மா” என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். ரேடியோவில் அந்தப் பாடகி வாயைத் திறந்தால் டக்கென்று அணைத்துவிடுவாள்.

ஆனால் ஆல்பம் வந்தால் குறை சொல்ல முதல் ஆள் அவள்தான். முதல் ஆல்பம் ஒரே அழுகையாம். அடுத்ததில் கொட்டு மேளம்தான் இருக்காம், குரலைத் தேடணுமாம். மூன்றாவதில் கொஞ்சம் தேறியிருக்காளாம். கேட்காமலே எப்படித் தெரியும் சித்தி என்றால், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்பாள்.

அம்மாவோ எல்லா கேசட்டும் வாங்கி நாளெல்லாம் ஓடவிட்டாள். கூடவே பாடிக்கொண்டு மடிப்பாள். மறுமுனையில் நான். எனக்குப் பாட்டு சுட்டுப் போட்டாலும் வராது. எவ்வளவு கேட்டாலும் பாதிப் பாட்டு மாதிரியே இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சித்தியைப் போய்க் கூப்பிடேன் என்றேன். கூப்பிட்டால் வர மாட்டாள், பிடிவாதக்காரி என்றாள். இவள் மட்டும் என்னவாம்!

வருஷங்கள் ஓடின. போன மழையில் அம்மா ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். துணி மலையாகக் குவிந்தது. சித்தியிடம் போய்ச் சொன்னேன். உங்கம்மாவுக்கு எதிலும் அவசரம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இனி இவர்கள் சேர மாட்டார்கள் என்று மனசு விட்டுப்போய்த் திரும்பினேன்.

மறுநாள் காலையில் சித்தி எங்கள் கடை வாசலில் நின்றாள். நான் மடித்து வைத்திருந்ததைப் பார்த்து, இது என்ன லட்சணம் என்றாள். ஒரு விரிப்பை உருவினாள். ஒரு பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை அம்மாவின் நல்ல கையில் திணித்தாள்.

அந்தப் பாடகியின் புது ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அம்மா கூடவே மெல்லப் பாடினாள். இரண்டாவது வரியில் சித்தியின் குரல் அடியில் வந்து சேர்ந்தது. ஒரு சொல் தடுமாறவில்லை, ஒரு வளைவு தப்பவில்லை. படுபாவி, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை தடவை கேட்டிருப்பாள்!

அம்மாவின் கையிலிருந்து துணி நழுவியது.

“கீழ விடாதேக்கா,” என்றாள் சித்தி. “மறுபடி துவைக்கணும்.”