ஹெல்மெட்டுக்குள் ஏழு பொருள்கள்

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று மெச்சுபவர்கள் யாரும், அதை யாரிடம் கற்றேன் என்று கேட்டதில்லை. கேட்காதவரை நல்லது.

நெய்வேலியில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தார் மாமா, அம்மாவின் தம்பி. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் ஆனதும் கல்யாணம் என்று முத்தாண்டிக்குப்பத்தில் பெண்கூடப் பார்த்துவைத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் நான் தலையைத் தவிர எல்லாவற்றையும் தொலைத்துக்கொண்டிருந்ததால், அந்தத் தலையைத் தீட்டும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். தன் ஹெல்மெட்டை மல்லாத்தி அதில் ஏழு பொருள்களைப் போடுவார். ஐம்பது எண்ணும்வரை பார்க்கலாம். பிறகு துண்டால் மூடிவிடுவார்.

"பாத்ததச் சொல்லு. நெனச்சதச் சொல்லாத."

விதி அவ்வளவுதான்.

அன்று காலை மூடிய கையோடு ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. "கலைக்காத, வந்து கேக்கறேன்" என்று வெறுந்தலையோடு ஓடினார். மத்தியானம் மேலேயிருந்து விழுந்த இரும்புத்துண்டுக்கு அந்தத் தலைதான் கிடைத்தது.

நான்காம் நாள், மாமா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, கான்ட்ராக்டரின் ஆள் வீட்டுக்கு வந்தார். ஹெல்மெட் போட்டிருந்தால் வைத்தியமும் வேலையும் கான்ட்ராக்டர் பொறுப்பாம். இல்லையென்றால் ஒன்றுமில்லையாம்.

"தம்பி போட்டுக்கினுதாங்க போனான். அங்கதான் எங்கனா உருண்டு கெடக்கும்" என்றாள் அம்மா.

நான்கு நாளாகக் கேள்வி கேட்க ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன் நான்.

"இல்லம்மா, அரிசி டின்னுக்குப் பின்னாடி நீதான வச்ச! உள்ள எலுமிச்சம்பழம், ஊக்கு, சாவி, பம்பரம், வளையல், தீப்பெட்டி, முந்திரிக்கொட்டை!"

வந்த ஆள் போய்த் துண்டை விலக்கி எண்ணினார். ஏழும் இருந்தன. எலுமிச்சை மட்டும் வாடியிருந்தது.

"படு கெட்டிக்காரியா இருக்கியே பாப்பா" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, ஹெல்மெட்டோடு போனார். அம்மா என்னை அடிக்கவில்லை. அதையும் பாராட்டில் சேர்த்துக்கொண்டேன்.

வேலை போய், பெண் வீட்டாரும் ஒதுங்கிக்கொண்ட பிறகு, பாதி மழித்த தலையோடு மாமா வீட்டுக்கு வந்தார். ஹெல்மெட் இல்லாததால் சாப்பாட்டுத் தட்டில் ஏழு பொருள்களை வைத்து, ஐம்பது எண்ணி, மூடினேன்.

மாமா துண்டையே வெகுநேரம் பார்த்தார்.

"எலுமிச்சம்பழம்" என்றார்.

நான் எலுமிச்சம்பழமே வைக்கவில்லை.

"பாத்ததச் சொல்லு மாமா!"

"எலுமிச்சம்பழம்."

கைகொட்டிக் குதித்தேன். குழந்தையென்று எனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த வருடம் முழுக்க, ஒருமுறைகூட நான் அவரிடம் தோற்கவில்லை.