இரட்டை மடிப்பு

ஓவனை அவள் அடுப்பு என்பாள். அதனால் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அடுப்பக்கா. கண்ணாடிப் புட்டிகளைக் கழுவிச் சுட்டெடுப்பது வேலை. நீராவியில் வேகவைத்தாலே தண்ணீரில் இருந்த கிருமிகள் செத்துவிடும். ஆனால் அவற்றின் மேல்தோல் துணுக்குகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தத் துணுக்கைத் தொட்டாலே கிருமி வந்துவிட்டதென்று நம்பி, அடங்கிக் கிடந்த மரபணுக்களை முடுக்கிவிடும். கடும் சூட்டில்தான் துணுக்கு அழியும். சுட்ட புட்டிக்கு வாயை மூடும் அலுமினியத் தாளில் இரண்டு மடிப்பு, வெந்ததற்கு ஒன்று. அது அவள் வைத்த வழக்கம்.

ஒரு நாள் சுட்ட புட்டி ஒன்று கைதவறி உடைந்தது. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். வெந்த புட்டி ஒன்றை எடுத்து, தாளை இரண்டாக மடித்துத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுவாரம் ஆராய்ச்சி மாணவி கழுவும் அறைக்கு ஓடி வந்தாள்.

“அக்கா, என் மருந்து வேலை செய்யுது! மருந்து போடாத செல்லெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குது. போட்டதுல மரபணு அத்தனையும் முழிச்சிடுச்சு. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் பேசப்போறேன்.”

“மருந்த எதுல கரைச்ச?”

“தட்டுல கடைசியா இருந்த புட்டியில. ஏன், பங்கு கேக்கறீங்களா?”

அடுப்பக்கா சிரித்துவைத்தாள். கை நுரைக்குள் அப்படியே நின்றது.

வியாழக்கிழமை வரை சொல்ல வாய் வரவில்லை. மாணவி பேச்சுக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

“அந்தப் புட்டி சுடாததும்மா.”

“ரெண்டு மடிப்பு இருந்துச்சே?”

“மடிச்சது நான்தானே.”

மாணவி வெள்ளிக்கிழமை பேசவில்லை. சுட்ட புட்டியில் மருந்தைக் கரைத்து மறுபடி செய்தாள். ஒரு செல்கூட அசையவில்லை.

“நல்லவேளை, சொன்னீங்க” என்றாள். அதோடு சரி. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அடுப்பக்காவுக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

அதன் பிறகு புட்டி எடுக்கும்போதெல்லாம் மாணவி கேட்டாள்: “சுட்டதுதானேக்கா?”

“சுட்டதுதாம்மா.”

கொஞ்ச நாளில் கேட்பதும் நின்றது. அடுப்பக்காவுக்கு மனசு லேசானது.

ஒரு காலை ஓவன் முன்னால் மாணவி நின்றிருந்தாள், கையில் தானே கழுவிய புட்டிகளோடு.

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு...”

அடுப்பக்கா கதவைத் திறந்தாள். தன் புட்டிகளை ஓரமாகத் தள்ளி இடம் விட்டாள்.