மூட்டை ஏறிடுச்சு

சைக்கிளை முற்றத்திலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்னால் என் தங்கை கேரியரைத் துடைப்பாள். சீட்டைத் துடைக்க மாட்டாள். ஓட்டப்போவது அவள்தான், உட்காரப்போவதும் சீட்டில்தான். ஆனாலும் ஒரு துண்டுத் துணியை நனைத்துப் பிழிந்து, கேரியரின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, கிளிப்பைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தையும் துடைப்பாள். பிறகு சீட்டின் மேல் படிந்திருக்கும் பனியோடு அப்படியே ஏறி உட்கார்ந்துவிடுவாள். "பின்பக்கம் நனைஞ்சிடும்டி, சீட்டைத் தொடை" என்று சொன்னால், "அட, ஆமால்ல!" என்பாள். மறுநாளும் கேரியரைத்தான் துடைப்பாள்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. துவைத்து உலர்த்தி வரும் படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி நின்று, இழுத்து உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். எதிர்முனையில் நிற்பவளுக்கு நெட்டை என்று பெயர். என் தங்கையோ குட்டை. இருவரும் பிடித்து நின்றால் விரிப்பு சரிவாகத்தான் நிற்கும். ஆனால் மடித்து வைத்தபின் பார்த்தால் ஓரத்தோடு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் தையல் கடைக்குச் சட்டைகளில் காஜா எடுத்துப் பிழைத்தவள். துணி நூலளவு கோணினாலும் என் கண்ணில் பட்டுவிடும். அவள் மடித்ததில் ஒரு கோணலையும் நான் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

வீட்டில் அவளுடைய விரிப்பை மடிக்க எதிர்முனையில் ஆள் இல்லை. இரண்டு மூலைகளை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் பின்னால் நகர்வாள். உதறுவாள். பிறகு மடித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்து நடப்பாள். "ஜன்னல் நல்லாத்தான் பிடிக்குது. நெட்டை மாதிரி இழுத்து விளையாடாது. என்ன, ஒரு வார்த்தை பேசாது, அவ்வளவுதான்" என்பாள்.

அவள் வீட்டுக்காரர் அதே ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்த்தவர். கல்யாணம் ஆனதிலிருந்து அவருடைய சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போவாள், வருவாள். அவர் அவளுக்கு வைத்த பெயர் மூட்டை. காலையில் வண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "மூட்டை ஏறிடுச்சா?" என்பார். இவள் பின்னாலேயே ஓடிவந்து, ஒரு தாவு தாவி, ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டு, "ஏறிடுச்சு" என்பாள். அந்தப் பதில் காதில் விழாமல் அவர் பெடலை அழுத்த மாட்டார். ஒரு நாள் அவள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மனிதர் தெருக்கோடி வரைக்கும் கால்களால் உந்திக்கொண்டே போனாராம்.

வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ரயில் பாதைக்கு மேல் ஒரு பாலம் இருக்கிறது. மேடு தொடங்கும் இடத்தில் அவருடைய முதுகு முன்னால் குனியும். அதுதான் சைகை. இவள் குதித்துவிடுவாள். கேரியரில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே கூட ஏறுவாள். உச்சிக்குப் போனதும் அவர் நடைபாதைக் கல்லில் ஒரு காலை ஊன்றி நின்று, மணியை ஒரு தடவை அடிப்பார். இவள் ஏறிக்கொள்வாள். "ஏறிடுச்சு." அதன்பின் இறக்கம்.

போன மழைக்காலத்தில் அவர் காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் படுத்தார். படுத்திருந்ததும் இவள் மடித்த விரிப்பில்தான். மடிப்புக்கோடு முதுகுக்கு அடியில் நேராக ஓடியதை நான் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை.

சலவைக்கூடத்தில் காலை வேலை முதல் பஸ்ஸுக்கு முன்பே தொடங்கிவிடும். அவள் நடந்து போகத் தொடங்கினாள். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் அவள் போய்ச் சேர்வதற்குள் நெட்டை ஒற்றை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா மெஷினுக்குப் புரியாதே. இந்த மாசம் முடியறவரைக்கும் பாக்கறேன், அப்புறம் வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார்.

என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். ஓர் அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, தலையணைக்குப் புது உறைகூடத் தைத்து வைத்திருந்தேன்.

"அக்கா வீட்டுல இருக்கறதுல உனக்கு என்னடி கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்லக்கா. அங்க வந்தா நான் உன் தங்கச்சி."

"இப்ப மட்டும் யாராம்?"

"இப்ப இந்த வீட்டுக்காரி" என்றாள். சமையலறைக்குள் போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள்.

அந்த வாரம்தான் சுவரோரம் சாய்ந்திருந்த சைக்கிளை வெளியே எடுத்தாள். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. சைக்கிளோ பார் வைத்த பெரிய வண்டி. தெருமுனைப் பஞ்சர்க்காரர் அவளையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க உயரத்துக்கு இது எதுக்கும்மா? லேடீஸ் சைக்கிளா ஒண்ணு பாத்துத் தரேன்."

"வேணாங்க. இதுதான் எனக்குப் பழகின வண்டி."

"உங்களுக்குப் பழகினது கேரியர்தானே!"

அவரைவிட இவள்தான் அதிகம் சிரித்தாள். அவர் சீட்டை அடியோடு இறக்கி, காற்றடித்துக் கொடுத்தார்.

வார விடுமுறையில், மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் முன்னால் இருந்த காலியிடத்தில் பழகினாள். நான் துணைக்குப் போனேன். எனக்கும் ஓட்டத் தெரியாது. சொல்லிக்கொடுக்கத் தெரியாதவள், கத்த மட்டும் தெரிந்தவள் என்று ஓரமாக நின்றேன். அவள் வீட்டுக்காரருடைய பாய்லர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, கீழே நீளம் போனதை மடித்துவிட்டிருந்தாள். இரண்டு காலிலும் மடிப்பு ஒரே அளவு. முதலில் பாருக்கு அடியில் காலை விட்டு அரைப் பெடல் அடித்தாள். விழுந்தாள். முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். சுவரில் போய் மோதினாள். "சுவரு நகரலக்கா, நான்தான் போனேன்" என்று எனக்கு விவரம் வேறு சொன்னாள்.

கொஞ்சம் ஓட வந்ததும் ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். கால் பெடலை மிதிக்கிறது, கை ஹாண்டிலைப் பிடித்திருக்கிறது, தலை மட்டும் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது.

"முன்னாடி பாருடி!"

"முன்னாடி என்னக்கா இருக்கு? வெறும் ரோடு."

கேரியரில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து போனவளுக்கு உலகம் முழுவதும் இடப்பக்கத்தில்தான் இருந்தது. எந்தக் கடையில் கதவு மாற்றினார்கள், எந்த மாடியில் புதுத் திரைச்சீலை போட்டார்கள் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். முன்பக்கம் என்றால் ஒரு சட்டை முதுகு. அது இல்லாத இடத்தைப் பார்க்கப் பழக அவளுக்கு நாளாயிற்று.

சமதரையில் தேறிவிட்டாள். பிறகுதான் பாலம். முதல் நாள் மேடு வந்ததும், பழக்கதோஷம், குதித்துவிட்டாள். குதித்ததோடு நிற்கவில்லை. ஹாண்டிலை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு பின்னால் போய், கேரியரில் கை வைத்துத் தள்ளினாள். பிடிக்க ஆள் இல்லாத வண்டி கோணிக்கொண்டு போய் நடுரோட்டில் சாய்ந்தது. சாப்பாட்டு டப்பா கழன்று சரிவில் உருண்டது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, நீங்க பின்னாடி நின்னா வண்டியை யாரும்மா ஓட்டறது?" என்று கேட்டாராம்.

என்னிடம் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு டப்பாவின் நசுங்கிய மூடியைக் கட்டைவிரலால் நெளிவெடுத்துக்கொண்டே, "அவரு கேட்டதும் நியாயம்தானேக்கா" என்றாள்.

அதற்கப்புறம் ஹாண்டிலை விடுவதில்லை. ஆனால் மேட்டில் இறங்குவது நிற்கவில்லை. அந்தக் கனத்த வண்டியைப் பாலம் முழுக்கத் தள்ளிக்கொண்டு ஏறினால் நடந்து போகிற நேரமேதான் ஆனது. நெட்டை இன்னமும் ஒற்றை முனையோடு நின்றாள். மாதமும் முடியவிருந்தது. "நான் இறங்கலக்கா. காலு தானா இறங்கிடுது" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தலையணை உறையைக் கட்டிலிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தேன்.

நெட்டைக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் விரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்: "அன்னைக்கு நீ இறங்கின, அவருக்கு பாரம் குறைஞ்சுது. இன்னைக்கு நீ இறங்கினா யாருக்குடி பாரம் குறையுது?"

கையில் இருந்த விரிப்பை இவள் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து வைத்தாளாம். அடுத்த விரிப்பை எடுத்து, "சரியா பிடி" என்று மட்டும் சொன்னாளாம்.

மறுநாள் விடிவதற்குள் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு பாலத்துக்கு நடந்தேன். உச்சியில் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். நான் வருவேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

தூரத்தில் அவள் வருவது தெரிந்தது. தலை நேராக இருந்தது. மேடு தொடங்கும் இடத்தில் முதுகு முன்னால் குனிந்தது, அவர் குனிவது போலவே. இடது கால் பெடலை விட்டு வெளியே வந்தது. இறங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். கால் காற்றில் ஒரு கணம் தொங்கி, திரும்பிப் பெடலுக்கே போனது. ஹாண்டில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஆட, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, நடக்கிறவன்கூட முந்திவிடக்கூடிய வேகத்தில் ஏறினாள். நான் சால்வைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன்.

உச்சிக்கு வந்துவிட்டாள். கூப்பிடலாம் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் அவள் பிரேக் பிடித்து, நடைபாதைக் கல்லில் ஒரு காலை ஊன்றி நின்றாள். மூச்சு வாங்க நிற்கிறாள் என்று நினைத்தேன். அவள் வண்டியை இடப்பக்கம் சற்றே சாய்த்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மணியை ஒரு தடவை அடித்தாள். ஒருவர் ஓடிவந்து ஏறி, ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்படியே நின்றாள். அப்புறம்தான் பெடலை அழுத்தினாள்.