கானும் கேனும்

நான் ஒரு கேனையன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்கிறார். கனமழை எச்சரிக்கை வந்த காலையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் சொன்னார்: "தம்பி, பெருமழையாம். உங்கட பக்கத்துக் கானை ஒருக்காக் கிளீன் பண்ணி விடுங்கோ."

"சரிக்கா, பண்ணிடறேன்."

சென்னைக்காரன் காதில் அது தண்ணீர் கேனாகத்தான் விழுந்தது. தமிழ்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று, வீட்டிலிருந்த கேன்களையெல்லாம் தேய்த்துக் கழுவி நிரப்பி வைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

மாலையில் மழை கொட்டியது. என் வாசலோரச் சாக்கடையை இலைகள் அடைத்துக்கொள்ள, தாழ்வில் இருந்த அக்காவின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அவர் முழங்கால் தண்ணீரில் குனிந்து, கையாலேயே இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார்.

"இதைத்தானே தம்பி கான் எண்டனான்!"

நானும் இறங்கி அள்ளினேன். பிறகு ஊறிப்போன அவருடைய கார்ப்பெட்டை இருவரும் வெளியே இழுத்துப் போட்டோம். களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"குடிக்கத் தண்ணி கொண்டு வரட்டுமாக்கா? கேன் கேனா இருக்கு."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன், வீட்டுக்குள்ள நிக்கிற வெள்ளம் காணாதோ?"