நீடாமங்கலம் கேட்டில் ஐந்து வகை டீ

காலை ஏழரைக்குத் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் திருவாரூர் வண்டி ஏறினேன். நீடாமங்கலத்துக்கு ஆறரை ரூபாய் டிக்கெட்; தூரம் முப்பது கிலோமீட்டர் இருக்கும். அங்கே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் விதவிதமான வாசனையில் டீ போட்டு, கூடவே படிக்கக் கதைப் புத்தகமும் கொடுக்கிறார்கள் என்று கேள்வி. டீ குடிப்பதற்காக நான் பஸ் ஏறினேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நான் போனது மாப்பிள்ளை விசாரிக்க. கடைக்காரன் அன்வர்தான் மாப்பிள்ளை.

பெண், என் லாத்தா மகள் ரஹீமா. அக்காவை எங்கள் வீடுகளில் லாத்தா என்போம். பெண்ணுக்குத் தாய்மாமன், மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், தான் யார் என்று சொல்லாமல் விசாரித்து வருவது எங்கள் குடும்ப வழக்கம். ரஹீமாவுக்கு ஏற்கெனவே மூன்று இடம் வந்தது. மூன்றிலும் ஏதோ ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தான். ஹார்டுவேர் கடைக்காரன் நான். தட்டிப் பார்க்காமல் ஒரு பைப்பைக்கூட உள்ளே எடுக்கமாட்டேன். அவளுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. "இதையும் தட்டிக் கழிச்சியின்னா அப்பறம் எவன் வருவான்? விசா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வா" என்று லாத்தா சொல்லி அனுப்பியிருந்தது. ரஹீமா ஒரு வார இதழை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்வர் துபாயில் ஆறு வருஷம் இருந்தவன். விசா கையில் இருக்கிறது, மூன்று மாதத்தில் திரும்பப் போகிறான், அதுவரை பொழுதுபோக்காகக் கடை வைத்திருக்கிறான் என்றார் தரகர். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. மூன்று மாதத்தில் பறக்கப்போகிறவன் எதற்காகக் கடை போடுகிறான்? டீயில் வாசனை எதற்கு, மட்டமான தூளை மறைக்கவா?

அம்மாப்பேட்டை தாண்டியதும் குறுவை அறுவடை முடிந்த வைக்கோலை ரோட்டிலேயே பரப்பியிருந்தார்கள். அதன்மேல் ஏறி பஸ் மெதுவாகப் போனது. கண்டக்டரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"கேட்டுகிட்ட புதுசா டீக்கடை வந்திருக்காமே?"

"அன்வர் கடையா பாய்? கேட் போட்டுட்டா நாங்களே அங்கதான் நிப்போம். என்ஜின் மாத்துனாங்கன்னா அரை மணி நேரம் ஆயிரும்."

"டீ நல்லா இருக்குமா?"

"நல்லா இருக்கப்போயி தானே நிக்கிறோம்."

எட்டே முக்காலுக்கு நீடாமங்கலம். கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் லாரி, பஸ், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் என்று வரிசை நின்றது. நேராக அன்வர் கடைக்குப் போகாமல், எதிரே இருந்த பழைய டீக்கடையில் உட்கார்ந்தேன். நிலம் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அன்வர் எப்படி என்று மெல்லக் கேட்டேன்.

"தங்கமான பிள்ளைங்க. எங்கடை யாவாரத்துல பாதி அங்கதான் போயிருச்சு. அதுக்காகப் பொய் சொல்ல முடியுங்களா?" என்றார் கடைக்காரர்.

சலூனில் கேட்டேன், அங்கும் தங்கம்தான். ஒரு மனிதனைப் பற்றி ஊரில் இரண்டு பேராவது குறை சொல்ல வேண்டும். போட்டிக்காரனே புகழ்கிறான் என்றால் முன்னாலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதரைக்கு அன்வர் கடைக்குள் நுழைந்தேன். அவனிடமும் நிலம் பார்க்க வந்த கதையையே சொன்னேன். தகரக் கூரை, நான்கு பெஞ்சு. குறுக்கே கட்டிய கம்பியில் மாத நாவல்கள் துணி காய்வது போலத் தொங்கின. பலகையில் விலை எழுதியிருந்தது: சுலைமானி இரண்டு ரூபாய், இஞ்சி இரண்டரை, ஏலக்காய் மூன்று, புதினா மூன்று, குங்குமப்பூ ஆறு.

என்ன டீ வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. கேட் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "கூட்ஸ் வண்டிங்க, நேரமாகும்" என்று சொல்லி, பெரிய கிளாஸில் இஞ்சி டீயும் ஒரு துப்பறியும் நாவலும் வைத்தான். கேட் எவ்வளவு நேரம் மூடியிருக்குமோ அதற்கேற்ற கதை, கதைக்கேற்ற டீ. அதுதான் அவனுடைய தொழில்முறை. பாசஞ்சர் வண்டி என்றால் பால் இல்லாத சுலைமானி, நான்கு பக்கச் சிறுகதை. குடும்பத்தோடு வேனில் வருகிறவர்களுக்கு ஏலக்காய் டீயும், வார இதழிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிய தொடர்கதையும்.

"கொலைக் கதைக்கு இஞ்சி ஏன்?" என்றேன்.

"தொண்டை கமறணும் பாய். அப்பத்தான் பயம் புடிக்கும்."

நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தேன். கிழியாமல் இருந்தது. கிளாஸின் அடியில் தங்கிய தூளை விரலால் நசுக்கி முகர்ந்தேன், நல்ல தூள்தான். கேட் திறந்து மூடி, திறந்து மூடி, பதினொரு மணிக்குள் ஐந்து வகையும் குடித்துவிட்டேன். ஏலக்காய் கொஞ்சம் தூக்கல். புதினா எனக்குப் பிடிக்கவில்லை. குங்குமப்பூ ஆறு ரூபாய்க்குத் தகும். சுலைமானிதான் நாக்கில் நின்றது; எலுமிச்சையின் புளிப்பு, பின்னால் மெல்லிய துவர்ப்பு. கொலைகாரன் யார் என்று நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அது தப்பாகப் போனது வேறு விஷயம்.

கூட்டம் குறைந்த நேரத்தில், டீக்கும் புத்தகத்துக்கும் எப்படி முடிச்சுப் போட்டான் என்று கேட்டேன்.

"துபாய்ல ரூமுக்குப் பத்து பேருங்க. வெள்ளிக்கிழமையானா, ஊருலேருந்து யாராச்சும் கொண்டாந்த பழைய புக்க ஒருத்தர் படிப்பாரு, மத்தவங்க சுலைமானி குடிச்சுக்கிட்டே கேப்போம். வெளம்பரத்தக்கூட விடமாட்டோம்."

"திரும்ப எப்ப சபுர்?" வெளிநாடு போவதை நாங்கள் சபுர் என்போம். கேட்க வந்த கேள்வியே அதுதான்.

அவன் கிளாஸைக் கழுவி வைத்தான். "போகலைங்க. விசா முடிஞ்சு நாளாச்சு. தஞ்சாவூர்ல ஒரு பொண்ணு பாக்குறாங்க. விசா இல்லேன்னா தரமாட்டாங்கன்னு எங்க அத்தா பயந்துகிட்டு, விசா இருக்குன்னு சொல்லி வச்சிருக்காங்க. நிக்காவுக்கு முன்னாடி நான் நேர்ல போய் உண்மையச் சொல்லிருவேன். வேணாம்னாங்கன்னா விட்டுற வேண்டியதுதான்."

"இத எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"நீங்க நெலம் பாக்க வந்தவங்க. ஊராளுகிட்ட சொன்னா அத்தா காதுக்குப் போயிரும்."

பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வந்த காரியம் முடிந்தது. நான்காவது ஓட்டை. பத்து ரூபாய்த் தாள் இரண்டை வைத்துவிட்டு, மீதியை வாங்கிக்கொண்டு, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தேன். நடக்க நடக்க சந்தோஷம் வடிந்தது. விசா இருந்த மூன்று மாப்பிள்ளைகளிடமும் நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதில்லை.

லாத்தா முதல் மணியிலேயே எடுத்தது. "விசா இருக்கா?"

"இல்ல. பொய். அவன் திரும்பப் போகவே போறதில்ல."

"அப்ப வேணாம். கெளம்பி வா."

"ரஹீமாகிட்ட குடு லாத்தா."

எதற்கு என்று கேட்டுக்கொண்டே கொடுத்தது. நான் கேட்டதையெல்லாம் ரஹீமாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன்: பொய், அவன் தகப்பனாரின் பயம், நேரில் வந்து சொல்லப்போவதாக அவன் சொன்னது. பூத்தின் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அத்தா குவைத்தில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், பெட்டி பிரிப்பதற்குள் கிளம்பிவிடுவார்.

"மாமு, அவரு எப்பவுமே போகமாட்டாராமா?"

"மாட்டானாம்."

"கடைய மூடிட்டு தெனம் வீட்டுக்கு வந்துருவாராமா?"

அதை நான் கேட்கவில்லை. "வருவான். வேற எங்க போவான்?" என்றேன்.

"அப்ப எனக்குச் சம்மதம். நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

"என்ன சொல்றா?" என்றது லாத்தா. கேட் திறந்துவிட்டது. தஞ்சாவூர் வண்டி தண்டவாளத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. லாத்தாவை இரண்டாம் முறை கேட்க விடாமல் சொன்னேன்:

"பையன் நல்லவன் லாத்தா. நான் விசாரிச்சுட்டேன்."